சீட்டு வாங்கியாச்சு, சீட்டு கிடைச்சுதா? வெளிநாட்டு ரயில் முன்பதிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையில் ஏஜென்ட் உரிமம் எடுத்து ரயில் டிக்கெட் போட்டுக் கொடுக்க ஆரம்பித்து இருபது வருஷம் ஆகப்போகிறது. நம் ஊரில் ஸ்டேஷன் கிடையாது. பாலக்காடு டவுனுக்கோ பொள்ளாச்சிக்கோ கோயமுத்தூருக்கோ போய்த்தான் வண்டி ஏற வேண்டும். டிக்கெட்டுக்கு மட்டும் என் கடை. மகள் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போனபின் நானும் வீட்டுக்காரியும் இரண்டு தடவை போய், மகள் கொடுத்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் நாலைந்து நாடு ரயிலில் சுற்றினோம். திரும்பி வந்ததிலிருந்து ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கூட ஸ்விட்சர்லாந்து கேட்கிறார். சித்தூர், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கமிருந்தெல்லாம் போன் வருகிறது. எல்லாரும் கேட்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

அண்ணா, டிக்கெட் எடுத்தாச்சு. ஆனா அதுல பெட்டி நம்பரும் இல்லை, சீட் நம்பரும் இல்லை. வெயிட்டிங் லிஸ்டா?

இல்லை. பத்தில் எட்டுப் பேர் கேட்கிற கேள்வி இது. இதற்குப் பதில் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

நாம் பேசும்போது டிக்கெட்டும் சீட்டு, உட்காருகிற இடமும் சீட்டு. ‘சீட்டு வாங்கியாச்சா’ என்றால் இரண்டும் வந்துவிட்டது என்று அர்த்தம். ரயில்வேயும் நம்மை அப்படியே பழக்கிவிட்டது. முன்பதிவு டிக்கெட் என்றால் பெட்டி, பர்த், பெயர், வயது எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்தில் இந்த இரண்டும் தனித்தனி. டிக்கெட் என்பது அந்த வண்டியில் ஏறிப் போகும் உரிமை. இடம் பிடித்து வைப்பது அதற்கு மேல் தனிக் காசு. ஜெர்மனியில் ஐசிஇ என்கிற வேக வண்டியில் இரண்டாம் வகுப்புக்கு ஆளுக்கு ஐந்து, ஐந்தரை யூரோ. கட்டாயமில்லை. காசு கொடுக்காவிட்டாலும் ஏறலாம், காலியான இடத்தில் உட்காரலாம், இடமே இல்லை என்றால் நின்றுகொண்டும் போகலாம். வெயிட்டிங் லிஸ்ட், ஆர்ஏசி, சார்ட் போடுவது, இதெல்லாம் அங்கே கிடையாது.

அப்போ எந்த இடம் காலின்னு எப்படித் தெரியும்?

ஜெர்மனியில் சீட்டுக்கு மேலேயோ ஜன்னலோரமோ ஒரு சின்ன டிஜிட்டல் பலகை இருக்கும். ‘பிராங்பர்ட் – மியூனிக்’ என்று இரண்டு ஊர் பெயர் ஓடினால் அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் அது ஒருவருடைய இடம். நீங்கள் பிராங்பர்ட்டுக்கு முன்பே இறங்கிவிடுவீர்கள் என்றால் அதுவரை தாராளமாக உட்காரலாம். முன்பதிவு செய்தவர் வண்டி கிளம்பிக் கால்மணி நேரத்துக்குள் வந்து உட்காராவிட்டால் அவருக்கு உரிமை போய்விடும். உங்கள் சீட்டில் யாராவது இருந்தால் போனில் நம்பரைக் காட்டினால் போதும், மறுபேச்சு இல்லாமல் எழுந்துவிடுவார்கள். ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க’ என்ற பேச்சு அங்கே செல்லாது. நமக்கு அது ஒரு குறைதான்.

சீட்டு நம்பர் கட்டாயமாக வேண்டிய நாடுகள் எவை?

பிரான்ஸின் டிஜிவி, ஸ்பெயினின் ஏவிஇ, இத்தாலியின் பிரெச்சாரோஸாவும் இத்தாலோவும், லண்டன் போகிற யூரோஸ்டார். இந்த வேக வண்டிகளில் டிக்கெட் எடுத்தாலே சீட்டு நம்பரும் சேர்ந்து வரும், நம் சதாப்தி மாதிரி. இங்கிலாந்தில் முன்கூட்டி எடுக்கிற அட்வான்ஸ் டிக்கெட்டோடு பெரும்பாலும் இலவசமாகவே இடம் கொடுத்துவிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் அடியில் உள்ளூர் வண்டிகள் இருக்கின்றன. நம் பாசஞ்சர், மெமு மாதிரி. அவற்றில் எந்த நாட்டிலும் பொதுவாக முன்பதிவு இல்லை. இத்தாலியில் மட்டும் ஒரு பொறி உண்டு. உள்ளூர் வண்டிக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன மெஷினில் செருகி நேரம் அச்சடித்துக்கொள்ள வேண்டும். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருந்தாலும் அச்சு இல்லை என்றால் அபராதம்தான். போனில் எடுத்த டிக்கெட்டாக இருந்தால் ஏறுமுன் ‘செக்-இன்’ பட்டனை அழுத்த வேண்டும்.

எத்தனை நாள் முன்னாடி போடணும்? தட்கல் உண்டா?

தட்கல் இல்லை. அதற்கு நேர் எதிரானது உண்டு. சீக்கிரம் எடுத்தால் மலிவு, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், விமானம் மாதிரி. நம் ரயில்வேயில் 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. அதே கணக்கை மனதில் வைத்து ஐரோப்பாவுக்கும் இரண்டு மாதம் முன்னால் உட்கார்ந்தால் மலிவு டிக்கெட் பாதி போயிருக்கும். டிஜிவிக்கு மூன்று நான்கு மாதம் முன்பே திறந்துவிடுகிறார்கள். அதுவும் தினம் ஒரு நாளாக அல்ல, ஒரு பருவத்தை மொத்தமாக ஒரே நாளில் திறப்பார்கள். இங்கிலாந்தில் அட்வான்ஸ் டிக்கெட் சுமார் 12 வாரம். ஆஸ்திரியாவின் நைட்ஜெட் இரவு வண்டிகள் பொதுவாக 180 நாள்.

கேரளப் பள்ளிகளுக்கு ஏப்ரல், மே விடுமுறை என்பதால் நம் பக்கத்துக் குடும்பங்கள் அப்போதுதான் கிளம்புகின்றன. அது அங்கேயும் கூட்டமான காலம். ஈஸ்டர் வரும், மே முதல் தேதி வரும், ஈஸ்டருக்கு நாற்பதாம் நாள் ஒரு வியாழன், ஐம்பதாம் நாளுக்கு மறுநாள் ஒரு திங்கள் என்று விடுமுறைகள் அடுக்கிக்கொண்டு வரும். ஜெர்மனியில் அந்த வியாழனுக்கு முந்தின நாள் மாலை வண்டியில் ஏறிப் பார்த்தேன். ஓணத்துக்கு முதல் நாள் எர்ணாகுளத்தில் ஏறினால் எப்படியோ அப்படி. கதவோரம் தரையில் பெட்டிமேல் உட்கார்ந்து போகிறார்கள், அதுவும் ஐசிஇ-யில். அந்த நாட்களில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல் ஐந்தரை யூரோ கொடுத்துவிடுங்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு நான் கொடுக்க மாட்டேன்.

நகரங்களுக்குள் ஓடும் உள்ளூர் வண்டி, ஸ்விஸ் வண்டிகளில் பெரும்பாலானவை, இவற்றுக்கு முன்கூட்டி ஓட வேண்டியதே இல்லை.

விசா இன்னும் வரல. டிக்கெட் எடுத்துடலாமா?

மலிவு டிக்கெட் பெரும்பாலும் பணம் திரும்பாத டிக்கெட். ஜெர்மனியில் சூப்பர் ஸ்பார்பிரைஸ் என்கிற மிக மலிவு வகையை ரத்து செய்தால் ஒன்றும் வராது. அதற்கு மேல்படியான ஸ்பார்பிரைஸில் பயண நாளுக்கு முன்பே ரத்து செய்தால் பத்து யூரோ பிடித்துக்கொண்டு மீதியை வவுச்சராகத் தருவார்கள். விசா விண்ணப்பத்துக்குப் பயணத் திட்டம் வேண்டும் என்றால் எந்த நாள் எந்த ஊர், எந்த வண்டி என்று ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். கட்டிய டிக்கெட் கேட்டால் ரத்து செய்யக்கூடிய வகையாகப் பார்த்து எடுங்கள். விசா கைக்கு வருமுன் பணம் திரும்பாத டிக்கெட்டை நான் யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை. இதில் என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு.

இன்னொன்று. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் ஸ்விட்சர்லாந்து அடக்கம், லண்டன் அடக்கமில்லை. பாரிஸிலிருந்து லண்டனுக்கு இரண்டேகால் மணி நேரம்தானே என்று யூரோஸ்டார் டிக்கெட் எடுத்துவிட்டு இங்கிலாந்து விசா இல்லாமல் வந்தவரை எனக்குத் தெரியும். டிக்கெட் விற்கும் தளம் விசா கேட்காது, ஸ்டேஷனில்தான் கேட்பார்கள். விமான நிலையம் மாதிரி பாஸ்போர்ட் சோதனை, பெட்டி சோதனை எல்லாம் ஏறுமுன்னே நடக்கும். வண்டி கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் அங்கே இருங்கள்.

எனக்கு இனிஷியல்தான். ‘சர்நேம்’ கட்டாயம்னு கேக்குது. என்ன போட?

தமிழ் ஆட்களுக்கு அடிக்கடி வருகிற தலைவலி. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டிருந்தால் பிரச்சினை இல்லை, அதை அப்படியே எழுதுங்கள். பலருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். முழுப் பெயரும் ‘கிவன் நேம்’ வரியில் இருக்கும். ரயில் தளங்கள் காலிக் கட்டத்தை ஏற்காது.

நான் செய்வது, தன் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடுவது. குமார் என்று மட்டும் இருந்தால் குமார் குமார். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் டிக்கெட் பரிசோதகர் பார்ப்பது பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தை. டிக்கெட்டில் இருக்கும் பெயர் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா பெயரைப் போட்டால் அது அந்தப் பக்கத்தில் இருக்காது, கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் காட்டி விளக்கம் சொல்ல வேண்டிவரும். அதுவும் ஜெர்மன் மொழியில். இனிஷியலை ஒற்றை எழுத்தாகப் போட்டால் சில தளங்கள் இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிடும்.

ஜெர்மனியின் ஆன்லைன் டிக்கெட் பெயருக்கு எழுதப்பட்டது. மகள் எனக்காக எடுக்கும்போது தன் பெயரில் எடுத்துவிட்டால் அது மகளுக்குத்தான் செல்லும். பயணம் போகிறவர் பெயர் வேண்டும், பாஸ்போர்ட்டும் கையில் வேண்டும், பெட்டிக்குள் அல்ல.

கார்டு எடுக்கவே மாட்டேங்குதே?

உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடிக் கிடக்கும். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்து வரும். வெளிநாட்டுக்கு வேண்டுமானால் நாம்தான் வங்கி ஆப்பில் போய்த் திறக்க வேண்டும். வரம்பையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

அதற்குப் பிறகும் போகவில்லை என்றால் முகவரிக் கட்டத்தைப் பாருங்கள். நாடு ஜெர்மனி என்று இருக்கும்போது ஐந்து இலக்கம்தான் ஏற்கும், நம் பின்கோடு ஆறு. முதலில் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள். ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவிலா’ என்று கேட்டால் யூரோ என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. வங்கி வேறு மூன்று, மூன்றரை சதவீதம் போட்டுத்தான் பிடிக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். யுபிஐ இங்கே உதவாது. அங்கே போனபின் டிக்கெட் எடுக்கிற எண்ணம் இருந்தால் ஓடிபி வருகிற சிம்முக்கு ரோமிங் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எந்தத் தளத்தில் எடுக்கலாம்?

வண்டியை ஓட்டுகிறவர்களின் சொந்தத் தளத்தில். ஜெர்மனிக்கு டாய்ச்ச பான், பிரான்ஸுக்கு எஸ்என்சிஎஃப், இத்தாலிக்கு டிரெனிடாலியா, ஸ்விட்சர்லாந்துக்கு எஸ்பிபி, ஆஸ்திரியாவுக்கு ஓபிபி. எல்லாவற்றிலும் ஆங்கிலம் உண்டு. பல நாட்டு வண்டிகளை ஒரே திரையில் காட்டுகிற இடைத்தரகர் தளங்களும் இருக்கின்றன. தேட வசதி. ஆனால் கட்டணம் சேர்ப்பார்கள், ரத்து செய்ய வேண்டி வந்தால் ரயில் நிறுவனம் ‘அவர்களிடம் போ’ என்று கைகாட்டும். அப்படி ஒரு தளத்தில் முதல் தடவை நான் மாட்டிக்கொண்டேன். பணம் வர நாலு மாதம் ஆனது. பெயர் வேண்டாம். நானும் ஒரு ஏஜென்ட் என்பதால் தரகரைக் குறை சொல்வது எனக்கே சங்கடம்தான்.

யூரெயில் பாஸ் வாங்கினால் எல்லா வண்டியிலும் ஏறலாம்னு சொல்றாங்களே?

ஏறலாம், சீட்டுக்குத் தனிக் காசு. மறுபடி அதே கதை.

யூரெயில் பாஸ் ஐரோப்பாவுக்கு வெளியே வசிக்கிற நமக்கானது, 33 நாடுகளில் செல்லும். ஒரு மாதத்துக்குள் ஏதாவது 4, 5 அல்லது 7 பயண நாட்கள், இரண்டு மாதத்துக்குள் 10 அல்லது 15 நாட்கள் என்று வாங்கலாம். ஒரு பயண நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. இரவு வண்டி நள்ளிரவுக்கு முன் கிளம்பினால், நடுவில் வண்டி மாறாதவரை, கிளம்பின நாளோடு கணக்கு முடியும்.

பாஸ் வைத்திருப்பவர்களுக்கு டிஜிவியில் தனி ஒதுக்கீடு உண்டு, சின்னது. நம் பொது கோட்டாவில் இடம் இருந்தும் ஒரு கோட்டா தீர்ந்தால் ‘இல்லை’ என்று வருமே, அதேதான். வண்டி காலியாக இருந்தும் உங்களுக்கு இடம் கிடைக்காது. கிடைத்தாலும் பத்து, இருபது யூரோ தனி. யூரோஸ்டாருக்கு முப்பதும் அதற்கு மேலும்.

என் கணக்கு இது. பாரிஸ், மிலான், வெனிஸ், ரோம் என்று பெரிய ஊருக்குப் பெரிய ஊர் தாவுகிற நாலு பயணம் என்றால் பாஸ் வேண்டாம், மூன்று மாதம் முன்னால் தனித்தனியாக எடுங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்தில் காலையில் எழுந்து எங்கே போகலாம் என்று யோசிக்கிற ஆளாக இருந்தால் பாஸ் வாங்குங்கள். ஸ்விட்சர்லாந்து மட்டும்தான் என்றால் ஸ்விஸ் டிராவல் பாஸைப் பாருங்கள். 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கும், ஏரிப் படகு, ஊர் பஸ் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் யுங்ஃப்ராவ்யோஹ் என்கிற பனிமலை ஸ்டேஷன் வரை அது இலவசம் இல்லை. வெங்கன் அல்லது கிரிண்டல்வால்டு வரை செல்லும், அதற்கு மேல் தள்ளுபடி மட்டும்தான். 3454 மீட்டர் உயரத்துக்குப் போகிற அந்த ஒரு டிக்கெட்டே நம் பட்ஜெட்டைக் கடித்துவிடும், முன்பே தெரிந்துகொண்டு போங்கள்.

கிளேசியர் எக்ஸ்பிரஸ் போட்டே ஆகணுமா?

பையன் கல்யாணப் பரிசாகக் கேட்டால் போடுங்கள். ஸ்விட்சர்லாந்து மலைகளுக்குள் ஓடுகிற சுற்றுலா வண்டி அது. செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை 291 கிலோமீட்டர், எட்டு மணி நேரம், 91 சுரங்கம், 291 பாலம். டிக்கெட்டோ பாஸோ இருந்தாலும் சீட்டு முன்பதிவு கட்டாயம், அதற்குக் கணிசமான காசு தனி. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை வண்டி ஓடாது.

எனக்குப் பிடித்தது பெர்னினா பாதை. ஸ்விட்சர்லாந்தின் கூர் (Chur) ஊரிலிருந்து இத்தாலியின் திரானோ வரை, 2253 மீட்டர் உயரத்தில் ஓஸ்பிட்சியோ பெர்னினாவைக் கடந்து, பல்சக்கரம் இல்லாமலே 7 சதவீதச் சரிவில் ஏறி இறங்கும். பெர்னினா எக்ஸ்பிரஸுக்குச் சீட்டு முன்பதிவு கட்டாயம், ஜன்னல் திறக்காது. அதே தண்டவாளத்தில், அதே பாலங்கள்மேல் சாதாரண வண்டியும் ஓடுகிறது. அதற்கு முன்பதிவு இல்லை, தனிக் காசு இல்லை, பல பெட்டிகளில் ஜன்னலை இறக்கலாம். செயின்ட் மோரிட்ஸில் ஏறி நாங்கள் அதில்தான் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பனியைப் பார்ப்பதற்கும், ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஊட்டி ரயிலில் போயிருக்கிறீர்கள் என்றால் ஸ்விஸ் மலை ரயில் உங்களுக்குப் பாதி பழக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும் அந்தப் பல்சக்கர முறையைக் கண்டுபிடித்தவர் ரோமன் ஆப்ட் என்கிற ஸ்விஸ் பொறியாளர். அதில் ஓடிய பழைய எக்ஸ் வகை நீராவி என்ஜின்கள் வின்டர்தூரில் செய்தவை. வின்டர்தூர் ஸ்டேஷனைக் கடக்கும்போது வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷன் பேரே குழப்புது.

குழப்பத்தான் செய்யும். பாலக்காடு ஜங்ஷனும் பாலக்காடு டவுனும் வேறு என்பது நமக்குத் தெரியும். ஜங்ஷனை இன்னும் ஒலவக்கோடு என்று சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். வெளியூர்க்காரருக்கு அது புரியுமா? அதே நிலைமையில் நாம் அங்கே இருக்கிறோம்.

பாரிஸில் பெரிய ஸ்டேஷன்கள் மட்டும் ஆறேழு. லண்டன் வண்டி கார் து நோரில் வரும், தெற்கே போகிற டிஜிவி கார் து லியோனில் கிளம்பும். இரண்டுக்கும் நடுவே பெட்டியோடு மெட்ரோ பிடிக்க வேண்டும், ஒரு மணி நேரமாவது விடுங்கள். அவிஞோனில் ஊருக்குள் ஒன்று, டிஜிவிக்கென்று ஊருக்கு வெளியே ஒன்று. வெனிஸுக்கு மெஸ்திரேயில் இறங்கினால் நிலத்தில் நிற்பீர்கள், தண்ணீரைப் பார்க்க சாந்தா லூசியா வரை போக வேண்டும். பிராங்பர்ட் இரண்டு ஊர். மைன் ஆற்றங்கரையில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. ஓடர் ஆற்றங்கரையில் இருக்கும் பிராங்பர்ட் போலந்து எல்லையில் இருக்கிறது. திரையில் தேடும்போது இரண்டும் அடுத்தடுத்து வரும்.

ஊர்ப் பெயரையும் அந்த ஊர்க்காரர் சொல்வது போலவே போட்டுத் தேடுங்கள். மியூனிக் என்றால் மூன்ஷென், கொலோன் என்றால் கோல்ன், பிளாரன்ஸ் என்றால் பிரென்சே, வியன்னா என்றால் வீன். பிளாட்பாரப் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கும்.

நாங்க ஆறு பேர், எட்டுப் பெட்டி. எந்த சீட்டு எடுக்க?

முதலில் எட்டை நாலாக்குங்கள். கிண்டல் இல்லை. சீட்டுக்கு அடியில் பெட்டி தள்ளி சங்கிலி போடுகிற இடம் அங்கே இல்லை. ரயில் பெட்டியின் கடைசியில், சில வண்டிகளில் நடுவில், சாமான் வைக்க ஒரு அடுக்கு. தலைக்கு மேல் சின்னப் பரண். போர்ட்டர் கிடையாது. வண்டி நடு ஸ்டேஷனில் இரண்டு மூன்று நிமிஷம்தான் நிற்கும். கேபின் சூட்கேஸும் ஆளுக்கொரு தோள்பையும் என்று போனால் நீங்கள் ராஜா.

இடத்துக்கு வரைபடம் காட்டுவார்கள். நாலு பேர் எதிரெதிராக நடுவில் மேசை வைத்து உட்கார்கிற இடம் குடும்பத்துக்கு நல்லது, ஆனால் இரண்டு பேர் பின்னோக்கித்தான் போக வேண்டும். தலைசுற்றல் உள்ளவரை முன்னோக்கி உட்காரவையுங்கள். வழியில் சில ஸ்டேஷன்களில் வண்டி நுழைந்த பக்கமாகவே வெளியேறும், பிராங்பர்ட்டில் அப்படி, அப்போது முன் பின்னாகிவிடும். ‘அமைதிப் பகுதி’ என்று போட்ட பெட்டியை எடுக்காதீர்கள். நம்மால் முடியாது. டிஜிவியில் மாடிப் பெட்டி உண்டு, காட்சிக்கு மேலே, முழங்கால் வலிக்குக் கீழே. ஜன்னல் சீட்டு என்று போட்டிருந்தாலும் சிலது ஜன்னல் இல்லாமல் சுவரோரமாக இருக்கும், வரைபடத்தை நன்றாகப் பாருங்கள்.

நம்ம ரயில் பெட்டி எங்கே நிற்கும்?

பிளாட்பாரத்தில் ஏ, பி, சி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். எந்தப் பெட்டி எந்த எழுத்துக்குக் கீழே என்று திரையில் வரும். அங்கே போய் நில்லுங்கள். பிரான்ஸில் பிளாட்பாரம் எண்ணையே வண்டி கிளம்ப இருபது நிமிஷம் இருக்கும்போதுதான் போடுவார்கள். கதவு கிளம்பும் நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முன்னால் மூடிவிடும். ஓடிப் போய்த் தொற்றுவதெல்லாம் இல்லை.

பெட்டி நம்பரில் நான் பட்ட பாடு தனி. பெர்லினிலிருந்து மேற்கே போகிற சில வண்டிகளை ஹாம் ஸ்டேஷனில் இரண்டாகப் பிரிப்பார்கள். ஷொரணூரில் ராஜ்யராணியைப் பிரித்து நிலம்பூர் பெட்டிகளைத் தனியாக அனுப்பியது நமக்குத் தெரியாததா? தெரிந்தும் ஏமாந்தேன். ஜன்னலோரம் நல்ல இடம் காலியாக இருக்கிறது என்று முன்பாதியில் போய் உட்கார்ந்துவிட்டோம். எங்கள் ஊருக்குப் போவது பின்பாதி. நடுவில் நடந்து போகவும் வழி கிடையாது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா கையைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டார். சீட்டு முன்பதிவு செய்தால் அந்தத் தப்பு வராது, பெட்டி எண்ணிலேயே எந்தப் பாதி என்று வந்துவிடும்.

இரவு வண்டியில லோயர் பர்த் கிடைக்குமா? அம்மாவுக்கு 70 வயசு.

நைட்ஜெட்டில் முக்கியமாக மூன்று வகை. வெறும் சீட்டு, வேண்டாம். கூஷெட் என்பது நாலு அல்லது ஆறு பேர் படுக்கிற அறை, நம் ஸ்லீப்பர் மாதிரி, ஆனால் கதவு உண்டு. அதற்கு மேல் தூங்கும் பெட்டி, இரண்டு மூன்று பேர் அறை, கைகழுவும் தொட்டியோடு. மூத்தோர் கோட்டா என்று ஒன்று இல்லை. முன்பதிவு செய்யும்போதே கீழ்ப் படுக்கையைக் கேட்டுப் போட முடிந்தால் போடுங்கள். பெண்களுக்கு மட்டும் என்ற அறையும் கேட்கலாம். ஆறு பேர் இருக்கிறீர்கள் என்றால் ஒரு கூஷெட் அறையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு இணையான சுகம் ஐரோப்பாவில் இல்லை.

குழந்தைக்கும் மூத்தோருக்கும் சலுகை?

ஜெர்மனியிலும் ஸ்விட்சர்லாந்திலும் ஆறு வயதுக்குள் இலவசம். ஜெர்மனியில் 6 முதல் 14 வயது வரை, 15 வயதோ அதற்கு மேலோ உள்ள ஒருவர் கூட வந்தால் காசில்லை, ஆனால் டிக்கெட்டில் அந்தக் குழந்தைகளைச் சேர்த்திருக்க வேண்டும். யூரெயிலில் ஒரு பெரியவருக்கு 11 வயது வரையுள்ள இரண்டு குழந்தைகள் இலவசம். இலவசம் என்பது டிக்கெட்டுக்குத்தான். சீட்டு வேண்டும் என்றால் அதற்குத் தனியாகப் போடுங்கள்.

மூத்தோர் சலுகை நம் ரயில்வேயில் 2020 மார்ச்சில் நின்றது. இங்கிலாந்தில் 60 வயதானவர் யாரும், எந்த நாட்டவரானாலும், சீனியர் ரெயில்கார்டு வாங்கிக்கொள்ளலாம். மூன்றில் ஒரு பங்கு குறையும்.

வண்டி லேட்டானா அடுத்த வண்டி போயிடுமே?

ஜெர்மனியில் லேட் என்பது நம் ஊரைப் போலவே சகஜம், நம்புங்கள். முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் கவலை வேண்டாம். போய்ச் சேர இருபது நிமிஷத்துக்கு மேல் தாமதமாகும் என்றால், மலிவு டிக்கெட்டாக இருந்தாலும் அந்த வண்டியோடு இருந்த கட்டு அவிழ்ந்துவிடும். வேறு வண்டியில் ஏறலாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு மணி நேரத் தாமதத்துக்கு டிக்கெட்டில் கால்பங்கு, இரண்டு மணி நேரத்துக்குப் பாதி திரும்பக் கேட்கலாம். இரண்டு துண்டாகத் தனித்தனி டிக்கெட் எடுத்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். பத்து யூரோ மிச்சம் பிடிக்கத் துண்டு போட்டு, கடைசி வண்டியை விட்டுவிட்டு ஓட்டலுக்கு நூறு கொடுத்தவர்கள் உண்டு. விமானம் இறங்கும் நாளில் நேரம் கட்டிய மலிவு ரயில் டிக்கெட் போடாதீர்கள்.

ஜப்பான், மலேசியா எப்படி?

ஜப்பான் நான் போனதில்லை, போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஷின்கான்சென் என்கிற புல்லட் ரயிலில் முன்பதிவுப் பெட்டியும் முன்பதிவில்லாப் பெட்டியும் தனித்தனி. ஆனால் நம் விடுமுறையோடு சேர்ந்து வருகிற ஏப்ரல் கடைசி, மே முதல் வாரக் கூட்டத்தில் அதில் வேகமான நொசோமி வண்டி முழுக்க முன்பதிவுதான். முன்பதிவு ஒரு மாதம் முன்னால் காலை பத்து மணிக்குத் திறக்கும், அந்த நாட்டு நேரம். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும்போது புஜி மலையைப் பார்க்க ‘இ’ வரிசை ஜன்னல். மூன்று பேர் குடும்பத்துக்கு ஏ, பி, சி. சூட்கேஸின் நீளம், அகலம், உயரம் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டுமா என்று இங்கேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள். தாண்டினால் பெட்டி வைக்கும் இடத்தோடு சேர்ந்த சீட்டைத்தான் எடுக்க வேண்டும். ஜப்பான் ரயில்களில் சுற்றுவதற்கான ஏழு நாள் ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆனது. டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மட்டும் சுற்றுகிறவருக்கு இப்போது அது நஷ்டம்.

மலேசியா சுலபம். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பினாங்குக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த் வரை இடிஎஸ் வண்டி, நாலு மணி நேரம் சொச்சம். டிக்கெட்டோடு சீட்டு வரும், பாஸ்போர்ட் எண் கேட்கும். தீபாவளி, பள்ளி விடுமுறைக்கு முன்பே தீர்ந்துவிடும். பத்துமலைக்கு உள்ளூர் கோமூட்டர் வண்டி, முன்பதிவு வேண்டாம். இடிஎஸ் ஓடுவது மீட்டர்கேஜில், 140 கிலோமீட்டர் வேகத்தில். பொள்ளாச்சி மீட்டர்கேஜில் ஆடி ஆடிப் போனவர்கள் இதை ஒரு தடவை அனுபவிக்க வேண்டும்.

புளிசாதம் கொண்டு போலாமா?

ரயிலுக்குள் யாரும் தடுக்க மாட்டார்கள். புளிசாதம், சப்பாத்தி, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் எங்கள் மேசையில் இருந்தன, வாசனை மட்டும் நாலு சீட்டு தள்ளிப் போகும். ஆனால் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டு போகக் கூடாது. நெய், பால்கோவா எல்லாம் அதில் சேரும். மகளுக்கென்று கட்டிய ஒரு கிலோ பால்கோவாவை நெடும்பாசேரி விமான நிலையம் போகிற காரில் நாங்களே தின்று தீர்த்தோம்.